பேட்டரி முனையில் பச்சை பூத்தால் புளி போட்டுத் தேய்க்கலாமா?

ஏப்ரல் 5, 2024 (கேள்வி)

சொந்த ஊர் கானாடுகாத்தான், பிழைப்பு கோலாலம்பூரில். வீட்டு முகப்பில் ஒரு சின்ன பெட்ரோல் கார் நிற்கிறது. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான். பானெட்டைத் திறந்தால் பாசிட்டிவ் பக்கம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. ஆச்சி புளியும் உப்பும் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தேன், பளபளவென்று ஆனது, வண்டியும் கிளம்பியது. சில வாரத்தில் மறுபடி அதே பூ. பேட்டரியை மாற்று என்கிறார் மெக்கானிக். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இப்போது வருகிற பேட்டரி எல்லாமே மட்டம் என்பது என் முடிவு. சரிதானே?

ஏப்ரல் 5, இரவு

சரியில்லை தம்பி. மல்டிமீட்டரைக் கையில் எடுக்காமல் பேட்டரிக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. கோட்டையூரில் ஆளில்லாத வீடுகளில் நிற்கும் கார்கள் சிலவற்றின் சாவி என்னிடம் இருக்கிறது. வருடம் முழுக்க நின்றுவிட்டுக் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் ஓடும் வண்டிகள். பூத்த டெர்மினல் எனக்குப் பழகிய காட்சி.

பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தட்டும் கந்தக அமிலமும். சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கிற தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து மூடியிலுள்ள துளை வழியே போகும். போகிற போக்கில் அமிலத்தையும் பொடித்துளியாக இழுத்துக்கொண்டு போகும். முனையைச் சுற்றியிருக்கும் சீல் விட்டுப்போனாலும் அமிலம் கசிந்து மேலே ஏறும். அது ஈயத்தில் பட்டால் வெள்ளைப் பொடி, ஈய சல்பேட். செம்பில் பட்டால் நீலப்பச்சை. அது வேறொன்றுமில்லை, மயில்துத்தம்தான். ஆக, பச்சை தெரிகிறது என்றால் அமிலம் கேபிளை முனையோடு பிடித்திருக்கும் கிளாம்பை மட்டும் தொட்டுவிட்டு நிற்கவில்லை, கேபிளின் செம்பு வரை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி சொன்ன புளி குத்துவிளக்குக்கும் செப்புக்குடத்துக்கும் சரி. அங்கே எடுக்க வேண்டியது களிம்பு. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். இங்கே எடுக்க வேண்டியதே அமிலம். அமிலத்தின் மேல் இன்னொரு அமிலத்தைத் தேய்த்தால் பளபளப்பு வரும், உள்ளே ஊறிய கந்தக அமிலம் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு உப்பு வேறு போட்டிருக்கிறீர்கள். திரும்பப் பூத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எலுமிச்சம்பழம், கோலா பானம் எல்லாம் இதே கணக்குதான். கோலாவில் சர்க்கரைப் பிசுக்கும் சேர்ந்துவிடும்.

வேண்டியது ஆப்ப சோடா. விவரம் நாளைக்கு.

ஏப்ரல் 6

எஞ்சினை அணைத்து, சாவியை வெளியே எடுத்துவிடுங்கள். ரேடியோவுக்கு ரகசிய எண் உள்ள வண்டி என்றால் அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பேட்டரியைக் கழற்றினால் கேட்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை கட்டாயம். காய்ந்த பொடியை ஊதவே ஊதாதீர்கள், அது ஈய உப்பு, மூச்சில் போகக் கூடாது.

பத்து நம்பர் ஸ்பானரால் நெகட்டிவ் கிளாம்பின் நட்டைத் தளர்த்திக் கழற்றி, கேபிள் துள்ளி மறுபடி முனையைத் தொடாதபடி ஒரு துணியில் சுற்றி ஒதுக்கி வையுங்கள். அப்புறம்தான் பாசிட்டிவ். கிளாம்ப் வர மறுத்தால் முறுக்காதீர்கள், கீழேயிருந்து திருப்புளியால் நெம்பவும் நெம்பாதீர்கள். ஈயம் மெத்தென்ற உலோகம். முனை அதன் குழியில் ஒரு சுற்று அசைந்தாலே சீல் விட்டுவிடும், பிறகு ஆயுள் முழுக்கக் கசிவுதான். வெந்நீரைக் கொஞ்சம் ஊற்றி, கிளாம்பின் பிளவைத் திருப்புளியால் லேசாக விரித்தால் தானாக மேலே வரும்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா. பேட்டரி மூடிகள் இறுக மூடியிருக்கின்றனவா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சோடா உள்ளே போனால் உள்ளே இருக்கிற அமிலத்தைத் தின்றுவிடும், அந்த செல், அதாவது பேட்டரியின் அந்த அறை, வீண். ஊற்றியதும் நுரை கிளம்பும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊற்றி, நுரை வருவது நிற்கும் வரைக்கும் செய்யுங்கள். கிளாம்பை சோடாத் தண்ணீர் உள்ள கிண்ணத்தில் முக்கியே வைக்கலாம். கிளாம்பின் உள்வளையத்தில் கறுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும், கண்ணுக்கு அழுக்கு மாதிரியே தெரியாது. தொந்தரவு செய்வது அதுதான். நைஸான உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் திருப்பினால் வெள்ளி நிறத்தில் புது ஈயம் தெரியும். முனையையும் அப்படியே, ஆனால் நாலு சுற்றுக்கு மேல் வேண்டாம், முனை இளைத்துவிட்டால் கிளாம்ப் பிடிக்காது.

நல்ல தண்ணீர் விட்டு அலசி, துணியால் ஒற்றி, வெயிலில் காயவிடுங்கள். இந்த மாதத்தில் ஐந்து நிமிடம் போதும். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். கையால் பிடித்து ஆட்டினால் அசையக் கூடாது, அதற்கு மேல் இறுக்கவும் வேண்டாம்.

ஏப்ரல் 6, சற்று நேரம் கழித்து

மோதிரத்தைக் கழற்றச் சொல்ல மறந்துபோனேன். செயின், கைக்கடிகாரமும்தான். ஸ்பானர் பாசிட்டிவையும் பாடியையும் ஒருசேரத் தொடும்போது நடுவே மோதிரம் இருந்தால் தங்கம் கண நேரத்தில் பழுத்துவிடும், விரலோடு. நம் பக்கத்துக் கல்யாண வீட்டு மாப்பிள்ளைகள் கார் பானெட் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம்.

ஏப்ரல் 8

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்கிறார், ஏன் நெகட்டிவ் முதலில், எதைக் கழற்றினாலும் சர்க்யூட் அறுந்துவிடுமே என்று. அறுந்துவிடும்தான். ஆனால் நெகட்டிவ் கேபிள் வண்டியின் பாடியோடு பிணைந்திருக்கிறது. அதைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒரே இடம். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் ஃபெண்டரில் இடித்தால் முழு பேட்டரியும் ஸ்பானர் வழியே ஷார்ட் ஆகும். நெகட்டிவ் கழன்ற பிறகு பாசிட்டிவில் ஸ்பானர் எங்கே இடித்தாலும் கவலையில்லை.

அதையே தலைகீழாகச் செய்ய வேண்டிய வண்டிகளும் உண்டு. நம் ஊர் வளவுகளுக்குப் பின்னால் ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும் பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில் கட்டியிருக்கும். அவற்றில் பாசிட்டிவ் முதலில். கேபிள் எங்கே போய்ப் பாடியில் முடிகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து பார்த்துவிட்டுக் கை வையுங்கள், நிறத்தை நம்பாதீர்கள். முப்பது வருடத்தில் யாரோ ஒருவர் கறுப்பு டேப் தீர்ந்துபோய் சிவப்பைச் சுற்றியிருப்பார்.

அவரே இன்னொன்றும் சொல்கிறார். தொண்டிப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றுதான் காரணமாம். கடற்காற்று பாடித் தகரத்தைத் தின்னும், ஸ்க்ரூவைத் தின்னும், மறுக்கவில்லை. டெர்மினலில் பூப்பது உள்ளேயிருந்து வருகிற அமிலத்தின் வேலை. காற்றுதான் காரணம் என்றால் பக்கத்திலிருக்கும் ஹாரன் போல்ட்டும் அதே பச்சையில் பூத்திருக்க வேண்டுமே.

ஏப்ரல் 11

துடைத்தாயிற்று, மேலே என்ன தடவுவது? வந்த பதில்களைப் பார்த்தால் சமையலறையே காலியாகிவிடும் போலிருக்கிறது. கிரீஸ், வாசலின், விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய், மெழுகு, ஒருவர் நெய்கூடச் சொல்லியிருக்கிறார். நெய் வேண்டாம் ஐயா, எறும்பு வரும்.

கிளாம்பை மாட்டி இறுக்கிய பிறகு வெளியே எல்லாப் பக்கமும் மெல்லிசாக வாசலின். என் வழக்கம் அதுதான். காற்றும் அமிலத்துளியும் உலோகத்தைத் தொடாமல் தடுப்பதுதான் அதன் ஒரே வேலை. தேங்காயெண்ணெய் எஞ்சின் சூட்டில் இளகி ஒரே நாளில் வழிந்துவிடும். விளக்கெண்ணெய் கெட்டி என்பதால் கொஞ்சம் தாங்கும், ஆனால் தூசி அப்பிக்கொள்ளும். மெக்கானிக் கடைகளில் வீல் பேரிங்குக்கு வைத்திருக்கும் அதே கிரீஸை அள்ளி அப்புவார்கள். அது கெடுதல் என்று நெடுநாள் வாதாடிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. வெளியே தடவினால் அதுவும் காக்கும். எனக்கு எரிச்சல் தருவது, துடைக்காமல் பூவின் மேலேயே கிரீஸை அப்பி மூடுவது. புண்ணைக் கழுவாமல் கட்டுப்போட்ட கதைதான் அது, உள்ளே வேலை நடந்துகொண்டேயிருக்கும், வெளியே தெரியாது.

முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே தடவலாமா என்று ஒரு கேள்வி. மெல்லிசாகப் பட்டால் இறுக்கும்போது பிதுங்கி விலகிவிடும், உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளும், பாதகமில்லை. நான் செய்வதில்லை. அங்கே எனக்கு வேண்டியது சுத்தமான ஈயம் மட்டும்.

மருந்து ஊறவைத்த கம்பளி வளையம், சிவப்பு ஒன்று பச்சை ஒன்றாக, உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. கிளாம்புக்கு அடியில் முனையைச் சுற்றிப் போட வேண்டும். விலை அதிகமில்லை, வாங்கிப் போடுங்கள்.

ஏப்ரல் 12

கானாடுகாத்தான் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். பேட்டரியைக் கழற்றி எங்கே வைத்துக் கழுவியிருக்கிறார் தெரியுமா? வீட்டுக்குள் பட்டாலைக் கூடத்தில். ஆத்தங்குடிக் கல் மேல்!

ஐயா சாமி. ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டும் மணலும் வண்ணமும் கண்ணாடி மேல் வார்த்துச் செய்தது. சூளையில் சுட்ட ஓடு அல்ல. அமிலம் ஒரு சொட்டு பட்டால் சிமென்ட் நுரைத்து மேல்பூச்சு போய்விடும், அந்தத் தழும்பு என்றைக்கும் போகாது. வண்டிக்குப் போடுகிற பேட்டரி விலையில் அந்தக் காலத்துப் பூ டிசைன் கல் ஒன்றை ஜோடி பார்த்து வாங்கிவிட முடியுமா? பழைய கல்லுக்குப் புதுக்கல் நிறம் சேரவே சேராது. எனக்கு அந்தப் படத்தில் பேட்டரியைவிடத் தரையைப் பார்த்துத்தான் பதறியது. உடனே அந்த இடத்தில் சோடாத் தண்ணீர் விட்டு ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள்.

வெளியே, ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைத்துக் கழுவுங்கள். அந்தக் கழுவிய தண்ணீரில் ஈயமும் துத்தமும் இருக்கிறது. கிணற்றடியிலோ ஊருணிக் கரையிலோ ஊற்ற வேண்டாம். செடிக்கும் வேண்டாம். டப்பில் வண்டலைப் படியவிட்டுத் துணியோடு சேர்த்துக் கட்டி, பழைய பேட்டரி எடுக்கும் கடையில் கேட்டுக் கொடுத்துவிடலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பலகாரத்தைத் தொடாதீர்கள்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். வேப்பம்பூ பச்சடி சாப்பிட்டுவிட்டு வேறொரு பூவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் ஊரைவிட்டு வெளியே ஆலோசனை தேடுவதுதான் எனக்கு வேடிக்கை. அரிப்பையும் பேட்டரியையும் ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் சிக்ரி உட்கார்ந்திருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்று முழுப்பெயர் சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியாது, சிக்ரி என்றால் கொண்டுபோய் விடுவார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. கடல்காற்று இரும்பை என்ன செய்கிறது என்று பார்க்க மண்டபத்தில் அவர்களுக்குத் தனி மையமே இருக்கிறது. நம் வீட்டு முகப்பில் நிற்கிற கார் மட்டும் புளியை நம்பிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். விரல் மையிலும் வெள்ளி நைட்ரேட்தான், எல்லாம் உப்புகளின் உலகம்.

தம்பி மல்டிமீட்டர் வாங்கி அளந்துவிட்டார். ராத்திரி முழுக்க ஓய்வில் இருந்தபின் 12.3 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 14.2. இரண்டையும் வாசித்துவிடுவோம்.

முழு சார்ஜில் உள்ள பேட்டரி ஓய்வில் 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0 என்றால் கால்வாசி. அப்படியென்றால் இவர் பேட்டரி பாதிக்குச் சற்று மேலே நிற்கிறது. ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது. 15-ஐத் தாண்டினால் அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி கொதிக்கும், அமிலம் கக்கும், டெர்மினல் பூக்கும். எனக்கு முதலிலிருந்தே அந்தச் சந்தேகம்தான் இருந்தது. 14.2 வந்ததால் அது அடிபட்டுப்போயிற்று.

இன்னொரு சோதனையையும் செய்யச் சொல்லியிருக்கிறேன், இதற்கு உதவிக்கு ஒரு ஆள் வேண்டும். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி முனையின் நடுவில் குத்துங்கள், மறுமுள்ளை அதே முனையின் கிளாம்பில். முனையும் கிளாம்பும் ஒட்டித்தானே இருக்கின்றன, நடுவில் என்ன வோல்ட் இருக்கப்போகிறது என்று தோன்றும். ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது பாருங்கள். 0.1, 0.2-க்குள் இருந்தால் இணைப்பு நல்லது. அரை வோல்ட் காட்டினால் அந்தக் கறுப்புப் படலம் வேலை செய்கிறது. சின்ன பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படலத்தின் தடை நூறில் ஒரு பங்கு ஓம்தான் என்றாலும் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். அதனால்தான் ஹெட்லைட் நன்றாக எரியும், ஹாரன் அடிக்கும், ஸ்டார்ட்டர் மட்டும் டிக் டிக் என்னும். லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும், அதை அந்தப் படலம் தடுக்காது. இதைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஏப்ரல் 23

காரணம் கிடைத்துவிட்டது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ரொம்ப அக்கறையானவர். கார் பக்கம் போகும்போதெல்லாம் பேட்டரி மூடியைத் திறந்து, கண்ணுக்குத் தண்ணீர் தெரியாவிட்டால் டிஸ்டில்ட் வாட்டரை வாய்வரை ஊற்றிவிடுவாராம். "தட்டு காயக் கூடாதுன்னு சொன்னாக, அதான் நெறைச்சு வச்சேன்" என்றாராம். அவர் மேல் என்ன கோபப்படுவது. தட்டு காயக் கூடாது என்று சொன்னவர்கள், எதுவரை ஊற்றலாம் என்று சொல்லவில்லை.

பக்கத்தில் மேல்கோடு கீழ்கோடு என்று இரண்டு கோடு இருக்கும். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. கோடு தெரியாத கறுப்புப் பெட்டி என்றால் தட்டுக்கு மேலே சுமார் ஒரு சென்டிமீட்டர், அவ்வளவுதான். சார்ஜ் ஏறும்போது உள்ளே குமிழி கிளம்பி மட்டம் உயரும். வாய்வரை நிறைத்திருந்தால் துளை வழியே வெளியே வழியும். வழிவது தண்ணீர் இல்லை, அமிலம். அடுத்த வாரம் குறைந்திருக்கிறதே என்று மறுபடி தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருக்கிற அமிலம் நீர்த்துக்கொண்டே போகும். வெளியே பூவும் உள்ளே பலவீனமும் ஒரே செயலின் இரண்டு பலன். தட்டு மூழ்காமல் இருந்தால் மட்டும் மூழ்கும் அளவு சார்ஜ் ஏற்றுவதற்கு முன்னாலேயே ஊற்றுங்கள். மற்றபடி சார்ஜ் ஏற்றி முடித்த பிறகுதான் மட்டம் சரிசெய்ய வேண்டும். ஊற்றுவது டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. ஆர்.ஓ. தண்ணீர், மழைத் தண்ணீர், பானைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். கண்டிப்பாக அமிலம் ஊற்றக் கூடாது.

வழிந்ததற்குச் சாட்சி வேண்டுமா? மீட்டரின் கறுப்பு முள்ளை நெகட்டிவ் முனையில் வைத்து, சிவப்பு முள்ளைப் பேட்டரியின் பிளாஸ்டிக் மேல்மூடியில் சும்மா நகர்த்திப் பாருங்கள். சுத்தமான மூடியில் ஒன்றும் காட்டாது. தம்பி நகர்த்தியபோது ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியதாம். பிளாஸ்டிக்கில் கரண்டு! கண்ணுக்குத் தெரியாத அமிலப் படலம் இரு முனைக்கும் பாலம் போட்டுக்கொண்டு பகலிரவாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறது. முனையை மட்டும் துடைத்து மூடியை விட்டுவிடுகிறவர்களுக்காகவே இதை விலாவாரியாக எழுதினேன்.

தண்ணீர் பார்க்கிறேன் என்று தீக்குச்சி கிழித்து உள்ளே எட்டிப்பார்க்கும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே தீப்பிடிக்கும். பீடியோடு பானெட்டுக்குள் குனியும் ஆளைப் பிடித்து வெளியே இழுங்கள், மரியாதையெல்லாம் அப்புறம்.

மே 5

கத்திரி தொடங்கிவிட்டது. மூன்று பேர் ஒரே கேள்வி. டெர்மினல் சுத்தமாக இருக்கிறது, சொட்டு அமிலம் வழியவில்லை, ஆனாலும் ஊருக்கு வந்தால் வண்டி கிளம்புவதில்லை.

அது வேறு நோய், நம் பகுதியில் இதுதான் அதிகம். அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து நிற்கும் வண்டியிலேயே கரண்டு குடிக்கும். 50 மில்லிஆம்பியர் என்று வைத்தாலே 35 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி 700 மணி நேரத்தில் காலி. ஒரு மாதம்கூட இல்லை. கத்திரி வெயிலில் பேட்டரி தானாக இறங்குவதும் வேகமாகும். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தட்டின் மேல் ஈய சல்பேட் கெட்டிப்படிகமாக இறுகிவிடும். வெளியே முனையில் பூக்கும் அதே வெள்ளைப் பொருள்தான். வெளியே வந்தால் துடைக்கலாம், உள்ளே இறுகினால் ஒன்றும் செய்வதற்கில்லை.

வண்டியை நிறுத்திவிட்டுப் பயணப்படும்போது நெகட்டிவைக் கழற்றி வைத்துவிடுங்கள். கடிகாரம் மறந்துபோகும், எண் உள்ள ரேடியோ அதைக் கேட்கும், வந்து திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஸ்பானர் தேட முடியாது என்றால் நெகட்டிவ் முனையில் மாட்டும் கட்-ஆஃப் திருகு கிடைக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அஞ்சு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்வது பிரயோஜனமில்லை, ஸ்டார்ட் செய்யச் செலவானதுகூடத் திரும்பி ஏறாது. ஓட்டினால் திருமயம் வரைக்கும் ஒரு நடை ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாதத்துக்கு ஒருமுறை சார்ஜரில் போடச் சொல்லுங்கள்.

இந்தச் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்பதில்தான் பிரச்சினை. சாவி வைத்திருக்கிற எங்களுக்குப் பெரும்பாலும் "பாத்துக்கங்க" என்று மட்டும்தான் போனில் சொல்வார்கள். எதைப் பார்ப்பது? ஒரு தாளில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போங்கள்.

மே 9

துடைத்து, சோடா போட்டு, வாசலின் பூசி எல்லாம் செய்தும் தம்பியின் வண்டியில் ஸ்டார்ட்டர் சோம்பலாகத்தான் சுற்றியது. கானாடுகாத்தானுக்கு நானே போய்ப் பார்த்தேன். பாசிட்டிவ் கேபிளைக் கிளாம்புக்குப் பக்கத்தில் விரலால் வளைத்தால் ரப்பருக்குள் நறநறவென்றது. நல்ல கேபிள் அப்படிச் சத்தம் போடாது. உறையைக் கத்தியால் கீறினேன். பளபளவென்று இருக்க வேண்டிய செம்பிழைகள் கறுத்து, நடுநடுவே பச்சைப் பொடி அப்பி, பாதிக்கு மேல் ஒடிந்து கிடந்தன. அமிலம் இழைகளின் இடுக்கில் ஏறி உறைக்குள்ளேயே தின்றிருக்கிறது. வெளியே எவ்வளவு துடைத்தாலும் இது தெரியாது.

ஒரு விரல்கடை வெட்டினேன், இன்னும் கறுப்பு. மறுபடி வெட்டினேன். நாலாம் விரல்கடையில்தான் செம்பு நிறம் வந்தது. மிச்சக் கேபிள் முனைக்கு எட்டாது என்பதால் புதிதாகவே போட்டாயிற்று. கேபிள் நுனியில் மாட்டும் லக்கைச் சுத்தியால் தட்டிச் சப்பையாக்கி ஒப்பேற்றக் கூடாது, அழுத்தும் கருவியில் வைத்து நசுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டுத் தரச் சொல்லுங்கள். காரைக்குடியில் செய்து தருகிறார்கள்.

பச்சை தெரிந்த எவரும் கேபிளை வளைத்துப் பாருங்கள். முதல் நாளே இதைச் செய்யச் சொல்லியிருந்தால் இந்த உரையாடல் இழை இவ்வளவு நீண்டிருக்காது, ஆனால் ஆத்தங்குடிக் கல்லின் படமும் கிடைத்திருக்காது.

மே 20

தம்பி கோலாலம்பூர் கிளம்பிவிட்டார். போவதற்கு முன் அனுப்பிய அளவு: ஓய்வில் 12.5, ஸ்டார்ட் செய்யும்போது முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே 0.1-க்குள். பழைய பேட்டரிதான். மாற்றவில்லை. ஆனால் நீர்த்துப்போன அமிலத்தோடு அது எத்தனை காலம் ஓடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் அடர்த்திமானியில் ஓரத்துச் செல் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் காட்டியது.

மாற்ற வேண்டிவந்தால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணின் கடைசியில் எல் என்று இருக்கிறதா, ஆர் என்று இருக்கிறதா? பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதற்கான எழுத்து அது. மாற்றி வாங்கினால் கேபிள் எட்டாது. எட்ட வைக்கிறேன் என்று இழுத்துக் கட்டினால் முனையின் சீல் மேல் எப்போதும் பாரம் இருக்கும். பழைய பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாமல் புதிது வாங்கும் இடத்திலேயே கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்களே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும், விலையிலும் கழித்துக்கொள்வார்கள். அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வெறும் பெட்டியை எடுத்துப்போகிற ஆளிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி பற்றிப் பள்ளத்தூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள். தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை சிவப்புக்கு வந்துவிட்டதா என்பதையும், அது பூட்டிய அறையிலா காற்றோட்டமான இடத்திலா இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.